மூளைத் தூண்டலும் மொழிச் சோதனையும்: திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மதிப்பீடு

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து 2004ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளிவந்தது. முதியோரின் நினைவாற்றலையும் மொழித்திறனையும் அளக்கும் ஆடன்புரூக் சோதனையை மலையாளம் பேசுவோர்க்கு ஏற்றவாறு அமைத்தது பற்றியது அது. பி. எஸ். மதுரநாத் அதன் முதல் ஆசிரியர். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் ஹாட்ஜஸ், தாமஸ் பாக் ஆகியோரும் உடனிருந்தனர். 2000ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் அச்சோதனையை முதன்முதலாக அறிமுகம் செய்த உரைக்கும் மதுரநாத்தே முதல் ஆசிரியர் ஆவார். கருவியை ஆக்கியவரே அதனைத் தம் மக்களின் மொழிக்குக் கொணர்ந்தவராகவும் அமைவது மொழிபெயர்ப்பு வரலாற்றில் அரிது. அவ்வுரையின் தலைப்பு 'மொழிபெயர்ப்பு' என்னும் சொல்லைத் தவிர்த்து, 'தகவமைப்பு' என்று பொருள்படும் சொல்லை ஆள்வது மொழிபெயர்ப்பாளர் நின்று நோக்கத்தக்கது.

இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வுரையை இன்று மீண்டும் எடுத்துப் பேச வேண்டிய தேவை ஒன்று எழுந்துள்ளது. படிப்படியாக முதிரும் மொழியிழப்புக்கு, அறுவை ஏதுமின்றி மண்டையோட்டின் மேலிருந்தே மூளையைத் தூண்டும் முறைகள் உலகின் பல இடங்களில் ஆராயப்பட்டு வருகின்றன. இவற்றின் பயன் மின்கருவியால் அறியப்படுவதன்று. நோயாளி எத்தனைச் சொற்களைச் சொன்னார், எழுதினார், திருப்பிக் கூறினார் என்பதைக் கொண்டே அறியப்படுகிறது. அளவுகோல் மொழியாலானது. தமிழிலும் மலையாளத்திலும் அவ்வளவுகோல் எந்நிலையில் உள்ளது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

நோயும் தூண்டலும்

பக்கவாதத்தால் திடீரென நேரும் பேச்சிழப்பை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். சொற்கள் மட்டும் மெல்ல மெல்ல நழுவிச் செல்லும் நிலையை 1892இல் பிராக் நகரில் ஆர்னால்டு பிக் விவரித்தார். ஆயினும் அதனைத் தனி நோயாக நிறுவியவர் மார்செல் மெசுலம். 1982இல் அவர் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதிய உரையே இத்துறையின் தொடக்கம் எனலாம். 2011இல் அறிஞர் குழு ஒன்று இந்நோயை மூன்று வகையாகப் பகுத்தது. சொல்லின் பொருளே மறைவது ஒன்று. தொடரின் இலக்கணம் சிதைந்து, பேச்சு தடுமாறுவது மற்றொன்று. சொல் நாவில் வராமல் நிற்பதும் கேட்ட தொடரைத் திருப்பிச் சொல்ல இயலாமையும் மூன்றாவது. பகுப்பின் அடிப்படைகளுள் பெரும்பாலானவை மொழியியல் கூறுகள் என்பது கருதத்தக்கது.

தூண்டல் முறைகள் இரண்டு முதன்மையானவை. ஒன்று காந்தத் தூண்டல். 1985இல் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் அவர் குழுவினரும் உருவாக்கியது. மற்றொன்று, இரு மின்முனைகளைத் தலையில் பொருத்தி, ஓரிரு மில்லி ஆம்பியர் அளவிலான நேர்மின்னோட்டத்தை இருபது நிமிட அளவுக்குச் செலுத்துவது. இவ்விரண்டும் நோயை நிறுத்துவன அல்ல. சிதையும் நரம்பணுக்களை மீட்பனவும் அல்ல. எஞ்சியுள்ள திறனைச் சிறிது காலம் தக்கவைக்க உதவும் என்பதே ஆய்வாளர் கொண்டுள்ள நம்பிக்கை. இந்நோய்க்கு இவை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

மின்னோட்டம் பெரும்பாலும் தனியே செலுத்தப்படுவதில்லை. அது பாயும் நேரத்திலோ அதனை ஒட்டியோ நோயாளிக்குச் சொற்பயிற்சி அளிக்கப்படுகிறது. ஆகவே சிகிச்சையின் ஒரு பாதி மின்சாரம்; மறுபாதி மொழி. முதற்பாதியைக் கருவியோடு விலைக்கு வாங்கலாம். மறுபாதியை அவ்வாறு இறக்குமதி செய்ய இயலாது.

எழுத்துக்கூட்டல்

இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரானா சாப்கினி நடத்திய ஆய்வு. 2018இல் வெளியான அதில் 36 நோயாளிகள் பங்கு கொண்டனர். இடப்பக்க நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் மின்னோட்டம் செலுத்தப்பட்டது. உடன் அளிக்கப்பட்ட பயிற்சி, சொற்களை எழுத்துக்கூட்டி எழுதும் பயிற்சி. உண்மைத் தூண்டலும் போலித் தூண்டலும் ஒருவருக்கே மாறி மாறி அளிக்கப்பட்டன. இலக்கணச் சிதைவு வகையினரும் திருப்பிச் சொல்ல இயலா வகையினரும் பயன் பெற்றனர். பொருள் மறையும் வகையினரிடம் அத்தகு பயன் காணப்படவில்லை.

நெறிமுறையில் கவனமுடைய ஆய்வு இது என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுத்துக்கூட்டல் என்னும் செயலுக்கு ஆங்கிலத்தில் உள்ள இடம் வேறு, தமிழிலும் மலையாளத்திலும் உள்ள இடம் வேறு. ஆங்கிலத்தில் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு தளர்ந்தது; எனவே எழுத்துக்கூட்டல் அம்மொழியினர்க்குச் சிறுவயது முதலே ஒரு தனித் திறன். அதற்கெனப் போட்டிகள் நடத்துவதும் அவர்கள் வழக்கம். தமிழ்ச் சிறுவனிடம் 'மரம்' என்பதை எழுத்துக்கூட்டச் சொன்னால் அவன் செய்வது பெரும்பாலும் ஒலியை அசை அசையாகப் பிரிப்பதே. அதே பயிற்சியை அவ்வாறே பெயர்த்துத் தந்தால், ஆங்கில நோயாளியின் மூளையில் நிகழும் செயலும் தமிழ் நோயாளியின் மூளையில் நிகழும் செயலும் ஒன்றெனக் கொள்ள இயலாது.

நோயறிதலிலும் இச்சிக்கல் உண்டு. பொருள் மறையும் வகைக்கு 2011ஆம் ஆண்டுப் பகுப்பு கூறும் அடையாளங்களுள் ஒன்று, ஒழுங்கற்ற எழுத்தமைப்புடைய சொற்களைத் தவறாகப் படிப்பது. ஆடன்புரூக் சோதனையில் அதற்கென ஐந்து ஆங்கிலச் சொற்கள் உள்ளன. 'பைன்ட்' என்று படிக்க வேண்டியதை, 'மின்ட்' என்பதோடு ஒப்புமைப்படுத்திப் 'பின்ட்' என்று நோயாளி படிப்பார். சொல்லைப் பற்றிய அறிவு போய்விட்டது, எழுத்து விதி மட்டும் எஞ்சியுள்ளது என்பது பொருள். இந்திய மொழிகளில் ஒழுங்கற்ற சொல்லே இல்லை என்று கூறி இவ்வடையாளத்தைக் கைவிடுவோர் உண்டு. இம்முடிவு அவசரமானது.

தமிழ் நெடுங்கணக்கு ஒலிப்புடை வெடிப்பொலிகளுக்குத் தனி எழுத்துத் தரவில்லை. 'குருவி' ஒலிப்பிலா ஒலியுடன் தொடங்குகிறது. 'குரு' பலர் பேச்சில் ஒலிப்புடை ஒலியுடன் தொடங்குகிறது. 'பயன்', 'பயம்' ஆகியவற்றின் நிலையும் அதுவே. 'பாவம்' என்பதோ, தீவினையைக் குறிக்கையில் ஒரு வகையாகவும் மெய்ப்பாட்டைக் குறிக்கையில் வேறு வகையாகவும் ஒலிக்கப்படுகிறது. எந்தச் சொல்லை எவ்வாறு ஒலிப்பது என்று எழுத்து கூறுவதில்லை, சொல்லறிவே கூறுகிறது. எனவே சொல்லறிவை இழந்த தமிழ் நோயாளி 'பயம்' என்பதைப் 'பயன்' போல் தொடங்கிப் படிக்கக் கூடும் என எதிர்பார்க்கலாம். ஆங்கிலத்தின் 'பைன்ட்' தமிழில் இங்கே உள்ளது. நோய்க்கு முன்பே அவ்வாறு ஒலிப்பவரும் உளர். ஆதலின் குடும்பத்தாரிடம் கேட்டறிந்த பின்னரே இதனைக் கணக்கிடல் வேண்டும்.

எழுதுவதிலும் இத்தகைய இடங்கள் உள்ளன. தமிழகத்தின் பெரும்பகுதியில் ரகரமும் றகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டமையால் 'கரை', 'கறை' என்பனவற்றைப் பிரித்தெழுத ஒலி துணை செய்யாது. பொருள் தெரிய வேண்டும். இதே இணை மலையாளத்தில் 'கர', 'கற' என நின்றாலும் அங்கு அவ்விரு ஒலிகளும் பேச்சில் வேறுபடுகின்றன. எனவே சோதனைச் சொல்லாக அது பயன்படாது. மலையாளத்துக்கு வேறிடத்தில் தேட வேண்டும். அம்மொழியில் பல் மூக்கொலிக்கும் நுனியண்ண மூக்கொலிக்கும் எழுத்து ஒன்றே. தமிழில் 'என்றால்' எனவும் 'என்னால்' எனவும் வேறுபடும் இரண்டும் மலையாள எழுத்தில் ஒரே வடிவம் பெற்று, ஒலிப்பில் மட்டும் பிரிகின்றன. அண்டை மொழிகளாயினும் ஒன்றின் சோதனைப் பட்டியலை மற்றொன்று கடன் வாங்க இயலாமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வினையும் விகுதியும்

இத்தாலியில் மரியா கொடெல்லியும் உடனாய்வாளரும் செய்த ஆய்வுகள் தமிழுக்கு இன்னும் நெருக்கமானவை. 2012இல் வெளியான உரையில், நெற்றி மடலில் காந்தத் தூண்டல் அளித்தபோது இலக்கணச் சிதைவு வகையினர் செயல்களைப் பெயரிட்டுக் கூறுவதில் முன்னேறினர் என்று காட்டினர். 2014இல், அவ்வகை நோயாளர் 16 பேரிடம், மின்னோட்டத்தையும் சொற்பயிற்சியையும் இணைத்தபோது பயிற்சி மட்டும் பெற்றவரைவிட மிகுதியான பயன் கிட்டியது என்றனர். வினைச்சொல் இங்கு நடுவிடம் பெறுகிறது.

ஒரு பெண் நடனமாடும் படத்தைக் காட்டி 'என்ன செய்கிறாள்' என்று கேட்டால் இத்தாலியர் ஒரு வினையைத் தேடியெடுக்க வேண்டும். தமிழர் 'டான்ஸ் பண்றா' என்று கூறிவிடலாம். பெயரை எடுத்து, 'பண்ணு' என்னும் பொதுவினையைச் சேர்த்து முடித்துவிடும் இவ்வசதி பேச்சுத் தமிழில் எல்லையின்றிப் பரவியுள்ளது. இவ்விடைக்கு முழு மதிப்பெண்ணா, பாதியா? முழு மதிப்பெண் எனின், வினையிழப்புடைய நோயாளி 'பண்ணு' ஒன்றைக் கொண்டே தேறிவிடுவார். தூண்டல் பயன் தந்தது எனத் தவறாக எழுதப்படும். மதிப்பெண் இல்லை எனின், நலமுடையவரும் தோற்பர். இவ்வினாவுக்கு மருத்துவர் தாமே விடை காணவியலாது.

இலக்கணச் சிதைவு எவ்வாறு புலப்படும் என்பதும் மொழிக்கு மொழி வேறு. ஆங்கில நோயாளி விகுதியை விட்டுவிடுகிறார். விகுதியற்ற வினையும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லே. ஹீப்ரு போன்ற மொழிகளில் அவ்வாறு விடுபட்டால் எஞ்சுவது சொல்லாகாது. ஆகவே அங்கே விகுதி விடுபடுவதில்லை, வேறொரு விகுதி வந்து அமர்கிறது என 1984இல் யோசெஃப் கிராட்ஜின்ஸ்கி காட்டினார். தமிழ் இவ்விரண்டாம் இனத்தது. 'வந்தாள்' என்பதில் விகுதியை நீக்கினால் எஞ்சுவது ஒலிக்கவும் இயலாத் துண்டு. ஆகவே தமிழ் நோயாளியிடம் எதிர்பார்க்க வேண்டியவை 'அவள் வந்தான்' போன்ற மயக்கமும் எச்சங்களிலேயே நின்றுவிடும் பேச்சும் ஆகும். விகுதி விடுபடுதலைத் தேடும் ஆங்கில முறை மதிப்பீட்டுத்தாள் அத்தகைய நோயாளியைக் குறையற்றவர் என எண்ணக் கூடும்.

மலையாளத்திலோ நிலைமை முற்றிலும் வேறு. அவனும் வந்நு, அவளும் வந்நு, அவர்களும் வந்நு. திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியே வினையில் இல்லை. தமிழிலிருந்து மலையாளத்தைப் பிரித்துக் காட்டும் ஆறு நயங்களுள் ஒன்றாக இதனைக் குறித்தவர் கேரள பாணினி எனப் போற்றப்படும் ஏ. ஆர். ராஜராஜ வர்மா, இதற்குப் 'புருஷபேத நிராசம்' என்று அவர் பெயரிட்டார். 1896இல் வெளிவந்த அவருடைய இலக்கணம் மருத்துவமனையில் படிக்கப்படும் நூலன்று. ஆயினும் இலக்கணச் சிதைவுடைய மலையாளியிடம் வினை இயைபுப் பிழையைத் தேடுவது வீண் என்பதை அதன் ஒரு பகுதியே தெளிவாக்கிவிடும். 1990இல் லைஸ் மென், லொரெய்ன் ஆப்ளர் ஆகியோர் பதினான்கு மொழிகளின் இலக்கணச் சிதைவுப் பேச்சைத் திரட்டி வெளியிட்டனர். அத்தொகுப்பில் இந்தி உண்டு; திராவிட மொழி ஒன்றும் இல்லை.

ஐந்து மதிப்பெண்

மொழிபெயர்ப்பின் பிழை நோயறிதலை எவ்வளவு தூரம் திருப்பிவிடும் என்பதை 2000ஆம் ஆண்டுச் சோதனையின் கணக்கைக் கொண்டே காணலாம். மொத்தம் 100 மதிப்பெண். அதில் சொற்சரளத்துக்கு 14, மொழிக்கு 28; காலமும் இடமும் அறிவதற்கு 10; சொல்லிய பெயரையும் முகவரியையும் சிறிது நேரம் கழித்து நினைவுகூர்வதற்கு 7. முன்னிரண்டின் கூட்டுத்தொகையைப் பின்னிரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து ஒரு விகிதம் பெறப்படுகிறது. அது 3.2க்கு மேற்படின் அல்சைமர் நோய் எனவும், 2.2க்குக் குறையின் நெற்றி–பொட்டு மடல் சிதைவு எனவும் கருத இடமுண்டு என்று ஆசிரியர்கள் முன்மொழிந்தனர். மொழியிழப்பு நோயின் சில வகைகள் இந்த இரண்டாம் பிரிவைச் சார்ந்தவை. எளிமையும் நுட்பமும் ஒருங்கே அமைந்த கருத்து இது.

எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் பெற்றவரின் விகிதம் 42ஐ 17ஆல் வகுக்க வருவது. அதாவது ஏறத்தாழ 2.47. அவர் மொழிப்பகுதியில் மட்டும் ஐந்து மதிப்பெண் இழந்தால் 37ஐ 17ஆல் வகுக்க, ஏறத்தாழ 2.18. எல்லை தாண்டப்பட்டுவிட்டது. படித்தலும் எழுதுதலும் மொழிப்பகுதிக்குள் அடங்குவன. பள்ளி சென்றறியாத, ஆனால் நோயேதும் இல்லாத ஒரு மூதாட்டி இந்த ஐந்து மதிப்பெண்ணை எளிதில் இழந்துவிடுவார். ஒழுங்கற்ற சொற்களுக்குப் பதிலாக எளிய சொற்களை வைத்தால் இதற்கு நேர்மாறு நிகழும். உண்மையான நோயாளியின் விகிதம் உயர்ந்து நோய் மறைந்துவிடும். ஆங்கிலம் பேசுவோரிடம் பெறப்பட்ட எல்லைகளை மொழி மாறிய பின்னும் அவ்வாறே கொள்வது பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும். திருவனந்தபுரக் குழுவினர் 2003இல் சொற்சரளத்தின் மீது வயது, கல்வி, பால் ஆகியவற்றின் தாக்கத்தைத் தனியே ஆராய்ந்தமை இவ்வகையில் பாராட்டுக்குரியது.

சொற்சரளத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் கூறச் சொல்வர். ஆங்கிலத்தில் எழுத்து என்பது ஒலியனுக்கு நெருங்கியது. 'ப' என்று தமிழில் கேட்டால் 'பல்', 'பசு' மட்டும் விடையா, 'பால்', 'புலி', 'பொய்' ஆகியனவும் விடையா? உயிர்மெய்யைக் கேட்கிறோமா, மெய்யைக் கேட்கிறோமா என்பதைச் சோதனைத்தாளே தெளிவாக்க வேண்டும். இரண்டின் கடுமையும் ஒன்றன்று.

திருப்பிச் சொல்லல்

பழைய சோதனைகளில் 'நோ இஃப்ஸ், ஆன்ட்ஸ் ஆர் பட்ஸ்' என்று ஒரு தொடர் உண்டு. 1975ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் நோயாளிகள் அதனைத் திருப்பிச் சொல்லி வருகின்றனர். பொருளற்ற சிறு இடைச்சொற்களின் கோவையாதலால் அது நாவைத் தடுமாறச் செய்கிறது. தமிழில் முதற்சொல்லுக்கு நிகரானது 'ஆல்' விகுதி, இரண்டாவதற்கு 'உம்', மூன்றாவது மட்டுமே தனித்து நிற்பது. சொல்லாக நில்லாதவற்றை வரிசையாக அடுக்கித் தொடராக்க இயலாது. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் பெறுவது சோதனையன்று, புதிர்.

2013ஆம் ஆண்டு வந்த மூன்றாம் வடிவத்தில் இதற்குப் பதிலாகப் பழமொழிகள் இடம்பெற்றன. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது தமிழரும் நன்கறிந்தது. அறிந்தது என்பதே குறை. மனப்பாடமான பழமொழி முழு உருவாக நினைவிலிருந்து எழுகிறது. கேட்ட ஒலிகளைச் சில நொடிகள் தாங்கி நிற்கும் ஆற்றலை அது அளப்பதில்லை. திருப்பிச் சொல்ல இயலா வகையை இனங்காண வேண்டுவது அவ்வாற்றலின் அளவே. புதிய தொடர்கள் புனையும்போதும் சொற்களை எண்ணி நீளத்தை ஒப்பிடுதல் கூடாது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது எழுத்தில் ஒரு சொல். ஆங்கிலத்தில் அது அரை வாக்கியம். அசைகளையும் உருபுகளையும் எண்ணுதலே தகும்.

இரட்டை வழக்கு இதனை மேலும் சிக்கலாக்குகிறது. எழுத்துத் தமிழில் அமைந்த தொடரைத் தந்தால் நோயாளி பேச்சுத் தமிழில் திருப்பிக் கூறுவார். 'அவர்கள் வீட்டிற்குச் சென்றார்கள்' எனக் கேட்டவர் 'அவங்க வீட்டுக்குப் போனாங்க' என்று சொன்னால், நினைவு தோற்றதா, வழக்கு வென்றதா? பொருளைப் பற்றிக்கொண்டு ஒலியை விட்டுவிடுவது இவ்வகை நோயின் இயல்பே ஆதலால் இரண்டையும் பிரித்தறிவது அரிது. பேச்சு வழக்கிலேயே தொடர்களை அமைப்பது ஒரு வழி. எந்த வட்டாரத்துப் பேச்சு என்பது அடுத்த வினா.

திருவனந்தபுரத்தில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1956 வரை கன்னியாகுமரி மாவட்டத்துப் பகுதிகள் திருவிதாங்கூரோடு இணைந்திருந்தன. நகரின் சாலை, கரமனை பகுதிகளில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், அலுவலகத்தில் ஆங்கிலம் என வாழ்ந்த ஒருவரின் சொற்கள் நழுவத் தொடங்கினால் எம்மொழியில் பயிற்சி தருவது? 2013இல் ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் உடனாய்வாளரும் 648 நோயாளிகளை ஆராய்ந்து, இருமொழியாளரிடம் மறதிநோய் நான்கரை ஆண்டு தாமதமாகத் தோன்றுவதைக் கண்டனர். எழுத்தறியாதாரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. பன்மொழி வாழ்வு காப்பாக அமைகிறது என்பதற்கு இது சான்றாகலாம். ஆனால் ஒரு மொழியில் பயின்ற சொல் மறுமொழியிலும் பயன் தருமா என்பது வேறு வினா. தூண்டல் ஆய்வுகளில் இதற்கு இடமளித்தல் வேண்டும்.

சோதனைகள் அறவே இல்லை எனக் கூற இயலாது. ஆடன்புரூக் மூன்றாம் வடிவம் 2020இல் தமிழும் மலையாளமும் உள்ளிட்ட ஏழு மொழிகளில் நிலைப்படுத்தப்பட்டு வெளியாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நரம்பியல் அறிதிறன் கருவித் தொகுதி இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என ஐந்து மொழிகளில் உருவானது; அவ்வைந்தில் தமிழ் இல்லை. எனினும் இவையெல்லாம் நோயை அறிவதற்கானவை. தூண்டலின் பயனை அளக்க இன்னொரு வகைக் கருவி தேவை: கடுமையில் ஒத்த, வழக்கில் ஒத்த இரண்டு மூன்று சொற்பட்டியல்கள். ஒன்றைப் பயிற்றி, மற்றொன்றைப் பயிற்றாது விட்டு, இரண்டும் எவ்வளவு குறைந்தன என ஒப்பிட வேண்டும். முதிரும் நோயில் குறையாதிருத்தலே வெற்றியாதலால் பட்டியல்களின் சமன்பாடு சற்றே பிழைத்தாலும் முடிவு முழுதும் பிழைபடும். சொல்வழக்கு எண்ணிக்கைக்கு எழுத்துத் தமிழ்த் தொகுப்புகளை நம்ப இயலாது. அவற்றில் 'இல்லை' மிகுதி. நோயாளியின் வாயில் வருவது 'இல்ல'. 2021இல் மாட்ரிட் ஆய்வாளர் காந்தத் தூண்டலின் பயனைத் தன்னியல்பான பேச்சைக் கொண்டு அளந்தனர். படப்பட்டியலைவிட இம்முறை இரட்டை வழக்குடைய தமிழுக்குப் பொருந்தும் எனத் தோன்றுகிறது. அதற்கும் நலமுடைய முதியோரின் பேச்சு, கல்வி நிலைவாரியாக, முதலில் பதிவாக வேண்டும்.

அத்தகைய பதிவுக்கு வேண்டிய முறைமை திருவனந்தபுரத்துக்குப் புதிதன்று. கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறையை நிறுவிய வ. அய். சுப்பிரமணியம் 1970களில் மலையாளக் கிளைமொழிகளை ஊர் ஊராகப் பதிவு செய்வித்தார். பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளியும் அவர் முயற்சியால் அங்கேயே எழுந்தது. 1997இல் தொடங்கப்பட்ட தேசியப் பேச்சு–கேள்வி நிறுவனம் பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்கி வருகிறது. கிளைமொழி ஆய்வில் தகவலாளியாக முதியவரைத் தேர்வது வழக்கம்; பழைய வடிவங்கள் அவரிடமே எஞ்சியிருக்கும் என்பது காரணம். மருத்துவ ஆய்வுக்கு வேண்டிய தகவலாளியும் அம்முதியவரே. அறுபதைக் கடந்த, நோயற்ற, நாஞ்சில் நாட்டுத் தமிழர் ஒருவர் ஒரு நிமிடத்தில் 'ப' என்னும் எழுத்தில் எத்தனைச் சொல் கூறுவார், அவற்றுள் எத்தனை மலையாளச் சொல், அச்சொல்லுக்கு மதிப்பெண் உண்டா என்பதிலிருந்து அப்பணி தொடங்கலாம்.